அமுக்குவானை உவமையாக்காதீர்கள்

எனக்கு அமுக்குவான் வருவதுண்டு. ஆறு வருஷமாக. சில மாதம் எட்டிக்கூடப் பார்க்காது. சில வாரம் மூன்று தடவை வரும். கண் திறந்திருக்கும். அறை தெரியும், ஃபேன் சுற்றுவது தெரியும், கீழே மோட்டார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்கும். கை அசையாது, குரல் வராது. கதவோரம் ஆள் நிற்பது தெரியும். 'தெரிவது போல' இல்லை, தெரியும். அதன்பின் நெஞ்சில் கனம் ஏறும். ஒரு நிமிஷம், மிஞ்சினால் இரண்டு நிமிஷம். எழுந்து உட்கார்ந்தால் சட்டை நனைந்திருக்கும்.

இதைச் சிறுகதையாக எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. நம் ஆட்கள் போதுமான அளவுக்கு எழுதிவிட்டார்கள், என் கோபமே அதன்மேல்தான். அந்தக் கதைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். நாயகன் நடுநிசியில் விழிப்பான், நெஞ்சில் பாரம், மூலையில் கருப்பாக ஓர் உருவம். கடைசிப் பத்தியில் அந்த உருவம் தோட்டத்தில் செத்த தாத்தாவாகிவிடும். அல்லது முதலாளித்துவம், ஆணாதிக்கம், வரலாறு இவற்றில் ஏதோ ஒன்றாகிவிடும். எழுதியவருக்கு ஒரு படிமம் கிடைத்த திருப்தி, வாசகருக்கு அதை அவிழ்த்த திருப்தி. இடையில் அந்தக் கட்டிலில் நிஜமாகவே மூச்சுக்குத் தவித்தவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனுடைய பயம் வேறு எதையோ சொல்லக் கிடைத்த வாகனம், அவ்வளவுதான்.

நான் இருப்பது பினாங்கில், ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில். ஒரே மாடியில் நாங்கள் அமுக்குவான் என்போம். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா 'கெனா திண்டே' என்பார், அதாவது ஏதோ ஒன்று மேலேறி அழுத்திவிட்டது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு அது 'குய் யா சுவாங்', கட்டிலை அழுத்தும் பேய். தாய்லாந்தில் 'பீ அம்', ஜப்பானில் 'கனாஷிபாரி', கம்போடியாவிலும் அழுத்தும் பேய்தான். ஆங்கிலத்தின் 'நைட்மேர்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் 'மேர்' பெண்குதிரை இல்லை. தூங்குகிறவர் நெஞ்சில் ஏறி உட்காரும் ஒரு பழைய பிசாசின் பெயர் அது. ஹென்றி ஃபியூசெலி 1781ல் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், மல்லாந்து கிடக்கும் பெண்ணின் மேல் அதுதான் குந்தியிருக்கிறது.

ஒருவரையொருவர் பார்த்தே இராத இத்தனை சனங்கள் ஒரே கனத்தை, நெஞ்சில் அதே இடத்தில், மூலையில் அதே ஆளோடு சொல்கிறார்கள் என்றால், அது உடம்புக்குள் நடக்கிற விஷயம். நாட்டாரியல் ஆய்வாளர் டேவிட் ஹஃபோர்ட் 1982ல் வந்த தன் புத்தகத்தில் ஏறக்குறைய இதைத்தான் வாதிட்டார். நியூஃபௌண்ட்லாந்தில் 'கிழட்டுச் சூனியக்காரி' என்று அழைக்கப்பட்ட அனுபவத்தை, அந்தக் கதையைக் கேள்விப்பட்டே இராதவர்களும் அனுபவிக்கிறார்கள் என்று காட்டினார். ஆகவே அனுபவம் முந்தியது, பேய்க்கதை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

உடம்பில் நடப்பது இது. கனவு மிகுந்த உறக்கக் கட்டத்துக்கு 'ரெம்' என்று பெயர். 1953ல் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கட்டத்தில், கனவில் ஓடுகிறவர் கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவிடாதபடி மூளை நம் தசைகளை அணைத்து வைக்கிறது. விட்டுவைப்பது கண் தசைகளையும், மூச்சுக்கான உதரவிதானத்தையும்தான். சில சமயம் விழிப்பு வந்துவிடும், ஆனால் அந்தப் பூட்டு திறந்திருக்காது. கண் உருளும், அறை தெரியும். மூச்சு தானாகப் போய்வரும், ஆனால் நாமாக ஆழமாக இழுக்கப் பார்த்தால் நெஞ்சுத் தசை ஒத்துழைக்காது. அந்த ஒத்துழையாமைதான் கனம். பயத்தைக் கிளப்பும் மூளைப் பகுதி முழுவேகத்தில் இருப்பதால் 'யாரோ இருக்கிறார்கள்' என்ற நிச்சயம். கனவு இன்னும் கலையாததால் அந்த யாரோவுக்கு ஓர் உருவம்.

இது எந்தப் படிமத்தையும்விடப் பெரிய விஷயமாக எனக்குப் படுகிறது. நம்மைக் காப்பாற்றப் போட்ட பூட்டே நம்மைக் கட்டிப்போடுகிறது. இதை அப்படியே, அலங்காரமில்லாமல் எழுதிய தமிழ்க் கதை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

இலக்கியவாதிகளை மட்டும் திட்டினால் நியாயமில்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது, 'வெறும்' கூட்டம். 'அது வெறும் தூக்கப் பிரச்னை ப்ரோ.' 'வெறும் ஸ்ட்ரெஸ்.' கிளினிக்கில் போய்ச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் தூங்கப் பயந்து உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு எம்.சி.கூடக் கிடைக்காது. போதாக்குறைக்கு 'தூக்கப் பக்கவாதம்' என்று ஒரு மொழிபெயர்ப்பு வேறு. பக்கவாதம் என்றால் நம் வீடுகளில் ஸ்ட்ரோக், ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது. பெரியப்பாவுக்கு வந்ததே, அது. அமுக்குவானுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. 'ஸ்லீப் பராலிசிஸ்' என்ற ஆங்கிலப் பெயர் 1928ல் வந்தது. அதை அகராதி பார்த்துப் பெயர்த்தவர் புதிதாக ஒரு பேயைச் செய்து கையில் கொடுத்துவிட்டார். நான் 'உறக்க முடக்கம்' என்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் சந்தோஷம்.

'வெறும்' என்பவர்களுக்கு இரண்டு தகவல். முதலாவது, இது அபூர்வம் இல்லை. 2011ல் ஷார்ப்லெஸ், பார்பர் என்ற இருவர் அதுவரை வந்திருந்த 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொதுமக்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒருமுறையாவது இதைச் சந்தித்திருக்கிறார்கள். மாணவர்களில் 28 சதவீதம். இதைப் படிக்கிற இளைஞர்களில் நாலில் ஒருவருக்கு நான் சொல்வது புரிந்திருக்கும். மற்றவர்களிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாவது, நம்பிக்கை என்பது நோய்மேல் பூசிய வெறும் சாயம் கிடையாது. பாலாந்த் ஜலாலும் டெவன் ஹின்டனும் 2013ல் எகிப்தையும் டென்மார்க்கையும் ஒப்பிட்டார்கள். உடம்பில் நடப்பது ஒன்றேதான். ஆனால் எகிப்தியர்களுக்கு அது கூடுதலாக வந்தது, முடக்கம் அதிக நேரம் நீடித்தது, செத்துப்போவோம் என்ற பயமும் மிகுதி. அங்கே பலர் அதை ஜின்னின் வேலையாகப் பார்க்கிறார்கள். பயம் உறக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட உறக்கம் அடுத்த முடக்கத்தைக் கொண்டுவருகிறது. செக்கு மாடு மாதிரி அதே வட்டம்.

உடனே பகுத்தறிவுத் தோழர்கள் 'பார்த்தாயா, பேய் நம்பிக்கையை ஒழி' என்று கிளம்பக்கூடும். கொஞ்சம் பொறுங்கள். 1970களின் கடைசியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஹ்மோங் அகதிகளில், ஆரோக்கியமான வாலிபர்கள் பலர் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். இதயத்தின் மின்னோட்டத்தில் பிறவியிலேயே இருக்கும் ஒரு கோளாறு இப்படிப்பட்ட மரணங்களுக்குப் பின்னால் இருப்பது பிற்பாடு தெரியவந்தது. ஆனால் ஷெல்லி அட்லர் என்ற ஆய்வாளர் இன்னொன்றையும் சேர்க்கச் சொல்கிறார். ஹ்மோங் மக்களுக்கும் 'தா சோ' என்ற அமுக்கும் ஆவி உண்டு. ஊரில் அதற்குச் சடங்கும் பூசாரியும் இருந்தார்கள். அமெரிக்காவில் ஆவி கூடவே வந்தது, சடங்கு வரவில்லை. காப்பு இல்லாத அந்தப் பயம் பலவீனமான இதயங்களின்மேல் ஏறியிருக்கலாம் என்பது அவர் வாதம். (உங்களுக்கு அமுக்குவான் வருகிறதென்றால் பதற வேண்டாம். உறக்க முடக்கம் தன்னளவில் ஆளைக் கொல்வதில்லை.)

ஆகவே தலையணைக்கு அடியில் கத்தி வைக்கும் அம்மாவைப் பார்த்து நான் சிரிப்பதில்லை. 'மல்லாக்கப் படுக்காத, ஒருக்களிச்சுப் படு. தலமாட்டுல இரும்பு ஒண்ணு இருக்கட்டும்.' அம்மா சொன்னதில் முதல் பாதியை உறக்க ஆய்வுகளும் ஒத்துக்கொள்கின்றன. மல்லாந்து படுக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது. இரண்டாம் பாதிக்குச் செலவு ஒரு பழைய கத்தி. அதனால் ஒருத்தருக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை பேய் வியாபாரத்தின்மேல். 'உங்க மேல யாரோ ஏவி விட்டுருக்காங்க' என்று ஆரம்பித்து, முந்நூறு ரிங்கிட் கயிற்றில் தொடங்கி, மூன்று வெள்ளிக்கிழமைப் பூஜையில் முடிகிறவர்களை எனக்குத் தெரியும். பணம் போவதுகூடப் பரவாயில்லை. 'யாரோ' என்று சொன்னதும் வீட்டில் சந்தேகம் முளைக்கிறது. அத்தையா, மருமகளா, எதிர்வீடா? பயந்தவனுக்கு ஓர் எதிரியைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு 'உண்மைச் சம்பவம்' சொல்லும் யூடியூப் அண்ணன்களும் இந்தச் சங்கிலியின் இன்னொரு கண்ணிதான்.

இனி, ஒருவரும் பேசாத இடத்துக்கு வருகிறேன். எனக்கு இது ஆரம்பித்தது பாயான் லெப்பாஸில் நைட் ஷிஃப்டுக்குப் போன பிறகு. இரவு ஏழிலிருந்து காலை ஏழு. சில வாரம் பகல், சில வாரம் இரவு. ஃபேக்டரி பஸ்ஸில் திரும்பி, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்தால், காலை பத்து மணி வெளிச்சத்தில் அமுக்குவான் வருவான். இருட்டுக்குக்கூடக் காத்திருப்பதில்லை. உறக்கம் சிதறினால் முடக்கம் வரும் என்பது ஊகமும் இல்லை. ஜப்பானில் தாகேயுச்சி குழுவினர் 1992ல், தூங்கியவர்களை நடுவில் எழுப்பி மறுபடி தூங்கவைத்து, ஆய்வுக்கூடத்திலேயே இதை வரவழைத்தார்கள். 64 முறை எழுப்பியதில் 6 முறை அமுக்குவான் வந்தான். ஆவியும் வேண்டியிருக்கவில்லை, ஏவலும் வேண்டியிருக்கவில்லை. தூக்கத்தைக் கலைத்தார்கள், அது போதுமாக இருந்தது.

பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரம் 1972ல் தொடங்கியது. அரை நூற்றாண்டாக இந்தத் தீவின் பெருமை அது. பல குடும்பங்கள் சோறு தின்பது அதனால்தான், நானும் அப்படித்தான். ஆனால் அந்தப் பெருமையின் கணக்கில் தூக்கம் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை.

இந்த இடத்தில் படித்த நண்பர்கள் ஐஹ்வா ஓங்கின் பெயரைச் சொல்வார்கள். 1987ல் வெளியான அவருடைய புத்தகம் மலேசியத் தொழிற்சாலைகளில் மலாய்ப் பெண்களுக்குப் பேய் பிடித்ததைப் பற்றியது. சுங்கைவேயில் ஓர் அமெரிக்க எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் 1978ல் சுமார் 120 பெண்களைப் பேய் பிடித்தது. ஆலையை மூன்று நாள் மூடி, பொமோவை அழைத்து ஆடு வெட்டினார்கள். பினாங்கு ஆலை ஒன்றிலும் இப்படி நடந்ததை ஓங் பதிவு செய்திருக்கிறார். இயந்திர ஒழுங்குக்கு எதிராக அந்தப் பெண்களின் உடம்பு செய்த எதிர்ப்பு அது என்பது அவருடைய வாசிப்பு. நல்ல வாசிப்பு. நம் ஆட்கள் அதை அப்படியே தூக்கி அமுக்குவான்மேல் வைப்பதில்தான் கோளாறு.

பேய் பிடித்த பெண் கத்துகிறாள், உதறுகிறாள், மேலாளரை விரட்டுகிறாள். நூறு பேர் பார்க்கிறார்கள், லைன் நிற்கிறது. அமுக்குவான் வந்தவனுக்குச் சுண்டுவிரலைக்கூட அசைக்க முடியாது. ஒருத்தரும் பார்ப்பதில்லை, எந்த லைனும் நிற்பதில்லை. சாயங்காலம் அவனே குளித்துவிட்டு பஸ் ஏறுகிறான். இதில் எதிர்ப்பைக் கண்டுபிடிப்பவர் அந்தக் கட்டிலில் படுத்தவரில்லை. அந்த மூன்று நாள் கதையிலும் ஆடு வெட்டப்பட்டது, ஆலை திறந்தது, வேலை பழையபடி ஓடியது. நிர்வாகங்களுக்குப் பேய் எப்போதும் வசதிதான். பேய்க்கு ஓர் ஆடு போதும். ஷிஃப்ட் அட்டவணையை மாற்றுவது என்றால் செலவு. 2023 ஜனவரியிலிருந்து வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 48லிருந்து 45 மணியாகக் குறைந்திருக்கிறது. நல்லது. ஆனால் அந்த 45 மணி பகலிலா இரவிலா, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நான் தூங்குவேனா என்பது முடிவாகும். அதைப் பற்றி ஒரு கதை வரட்டும், ஒரு கட்டுரை வரட்டும், யூனியன் கூட்டத்தில் ஒரு கேள்வியாவது வரட்டும்.

பேயைப் பற்றி எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதுங்கள். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் தூக்கம் பிடிக்காத இரவு இருக்கிறது, எங்கிருந்தோ வரும் வாடை இருக்கிறது, வீட்டுக்குள் நுழைந்துவிட்ட ஒரு பெண் இருக்கிறாள். பேய் உண்டா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை, எதற்கும் அவளை உவமையாக்கவும் இல்லை. பயம் பயமாகவே நிற்கிறது. எண்பது வருஷத்துக்கு முந்தி இது முடிந்திருக்கிறது.

நாலில் அந்த ஒருவருக்கு மட்டும் கடைசியாக. வரும்போது உடம்பு முழுவதையும் உதறப் பார்க்காதீர்கள், கனம் கூடும். மூச்சை இழுக்காமல் அதன் போக்கில் விடுங்கள், அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கால் கட்டைவிரல் ஒன்றை மட்டும் அசைக்கப் பாருங்கள். பக்கத்தில் படுப்பவரிடம், நான் முனகினால் தொட்டு எழுப்பு என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஒரு தொடுதலில் பெரும்பாலும் விட்டுவிடும். ஒருக்களித்துப் படுங்கள். முடிந்தவரை ஒரே நேரத்தில் படுங்கள். முடியாதபடி வேலை இருந்தால் அதை வெளியே சத்தமாகச் சொல்லுங்கள். பகலில் கட்டுக்கடங்காத தூக்கம் வந்தாலோ, சிரிக்கும்போது முழங்கால் துவண்டாலோ, உறக்க மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள், அது வேறு நோயாக இருக்கலாம்.

கத்தி வேண்டுமானால் தலைமாட்டில் இருக்கட்டும்.