பட்டா இல்லாத நிலத்தில் எழும் செயலிகள்

புனே நகரத்தின் ஹடப்சர் பகுதியில் உள்ள மகர்பட்டா, நகரமைப்புத் துறையினர் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் ஊர். கரும்பு விளைந்த 400 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை வைத்திருந்த சுமார் 120 உழவர் குடும்பங்கள், நகரம் நெருங்கி வந்தபோது அதை விற்றுவிட்டு வெளியேறவில்லை. சதீஷ் மகரின் முன்முயற்சியில் நிலங்களை ஒன்றாக்கி, ஒரு நிறுவனம் அமைத்து, அவரவர் நிலத்தின் அளவுக்கேற்ப அதில் பங்குதாரர் ஆயின. 2000ஆம் ஆண்டில் கட்டுமானம் தொடங்கியது. இன்று அங்கே சைபர்சிட்டியின் அலுவலகக் கோபுரங்கள் நிற்கின்றன. மேலே எத்தனை மாடிகள் எழுந்தாலும், அடியில் இருந்த நிலத்துக்கு உரியவர்களின் பங்கு அழியவில்லை என்பதே அந்த ஊரின் சிறப்பு.

இத்தகைய அலுவலகங்களில், அவை மகர்பட்டாவில் இருந்தாலும் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்தாலும், எழுதப்படும் மென்பொருளுக்கு இந்த நியாயம் இன்னும் எட்டவில்லை. மென்பொருளுக்கும் அடிநிலம் உண்டு. அதை உழுதவர்கள் யார் என்று நாம் கேட்பதில்லை. மாணவர்களுக்குக் கற்பிப்பதும் இல்லை.

ஐபோன் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இணையத்திலிருந்து தரவு பெறுவது, படங்களைக் காட்டுவது, கடவுச்சொல்லை மறையாக்கம் செய்வது போன்ற பணிகளுக்கான நிரலை எவரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரலகங்களைச் சேர்த்துக்கொள்கிறோம். அந்த நிரலகங்கள் வேறு நிரலகங்களைச் சார்ந்திருக்கும். இந்தச் சங்கிலி முழுவதையும் தேடிக் கொண்டுவந்து, பதிப்புகள் ஒன்றோடொன்று முரண்படாமல் பொருத்தித் தரும் கருவியே சார்பு மேலாளர். ஆப்பிள் தளங்களில் இப்பணியை நெடுங்காலம் செய்துவந்தது 2011இல் எலாய் டுரான் தொடங்கிய கோகோபாட்ஸ். அதன் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நிரலகங்கள் உள்ளன.

அதை நிறுவுவது எளிது. ரூபி மொழியில் எழுதப்பட்ட கருவி ஆதலால் ரூபியின் ஜெம் வழியாகவோ ஹோம்ப்ரூ வழியாகவோ நிறுவலாம். பிறகு ‘பாட்ஃபைல்’ என்னும் கோப்பில் வேண்டிய நிரலகங்களின் பெயர்களை எழுதி, ‘பாட் இன்ஸ்டால்’ என்று கட்டளையிட்டால் போதும். இந்த எளிமையில்தான் ஒரு நுட்பம் மறைந்திருக்கிறது. பாட்ஃபைலில் நாம் எழுதுவது விருப்பம் மட்டுமே, “5.8 முதல் 6.0க்கு முன்பு வரை எதுவாயினும் சரி” என்று அதில் எழுதலாம். உண்மையில் எது வந்து சேர்ந்தது என்பதைப் ‘பாட்ஃபைல் லாக்’ என்னும் இரண்டாவது கோப்பு பதிவுசெய்கிறது. நாம் பெயர் சொல்லி அழைத்தவை மட்டுமின்றி, அவற்றின் பின்னே அழையாமல் வந்தவையும் பதிப்பெண்ணோடு அதில் இருக்கும். ‘பாட் இன்ஸ்டால்’ அந்தப் பதிவை மதிக்கும். ‘பாட் அப்டேட்’ அதை மாற்றி எழுதும். இவ்விரண்டின் வேறுபாடு அறியாமலே பட்டம் பெறும் மாணவர்கள் பலர்.

பூட்டுக்கோப்பு எது வந்தது என்று சொல்லும். யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அது பொறுப்பேற்காது. கோகோபாட்ஸின் வரலாறே இதற்குச் சான்று. 2014இல் அதன் பதிவேடு ‘டிரங்க்’ என்னும் புதிய சேவையகத்துக்கு மாறியது. நம் ஊர் வழக்கில் சொன்னால் அது ஒரு பட்டா மாற்றம். பழைய உரிமையாளர்கள் வந்து தத்தம் நிரலகத்துக்கு உரிமை கோர வேண்டும். பலர் வரவில்லை. 1,800க்கும் மேற்பட்ட நிரலகங்கள் உரிமையாளர் இன்றிப் புறம்போக்காகக் கிடந்தன. உரிமை கோரும் வழியோ ஏறத்தாழ பத்தாண்டுகள் திறந்தே இருந்தது. எவர் வேண்டுமானாலும் ஒரு கட்டளையில் அவற்றைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டு, உள்ளே விரும்பிய நிரலை வைத்திருக்க இயலும். பராமரிப்பாளர்கள் 2023இல் இதை அடைத்தனர். இஸ்ரேலைச் சேர்ந்த ஈவா என்னும் பாதுகாப்பு நிறுவனம் 2024 ஜூலையில் விவரங்களை வெளியிட்டது.

இதைப் பராமரிப்பாளர்களின் அலட்சியம் என்று எழுதிவிடுவது எளிது. அது நியாயமும் ஆகாது. பெரும்பாலும் தன்னார்வலர்களான ஒரு சிறு குழு, லட்சக்கணக்கான செயலிகளின் அடித்தளத்தைத் தம் ஓய்வுநேரத்தில் தாங்கி நின்றது என்பதே உண்மை. 2024இல் அக்குழு கோகோபாட்ஸ் இனிப் பராமரிப்பு நிலையில் மட்டுமே இருக்கும் என்று அறிவித்தது. 2026 டிசம்பர் 2 முதல் டிரங்க் பதிவேடு வாசிப்புக்கு மட்டுமே என்பது அடுத்த அறிவிப்பு. அதன் பின் ஏற்கெனவே உள்ளவற்றை எடுக்கலாம். புதிய பதிப்பு எதையும் அங்கே சேர்க்க முடியாது.

“ஆப்பிளின் சுவிஃப்ட் பேக்கேஜ் மேனேஜர் இருக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். அதற்கு மாறுவது இன்று அறிவுடைமைதான். எனினும் மாறுவது பதிவு அலுவலகம் மட்டுமே. நிரலகங்களை எழுதுபவர் அதே தனிமனிதர். அவருடைய ஓய்வுநேரமும் அதே அளவுதான்.

இன்னொரு மறுப்பு வலுவானது. உழவர்கள் நிலத்தை இலவசமாகத் தரவில்லை. நிரல் எழுதியவர்களோ உரிமத்திலேயே எவரும் பயன்படுத்தலாம் என்று எழுதித் தந்துவிட்டார்கள். அவர்களுக்கு ஏன் பங்கு? அவர்கள் தந்தது எழுதி முடித்த நிரலை. உத்தரவாதம் எதுவும் இல்லை என்பதையும் அதே உரிமத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். நாம் எதிர்பார்ப்பதோ ஆண்டுதோறும் பிழைதிருத்தம், பாதுகாப்பு, புதிய இயங்குதளத்துக்கேற்ற மாற்றம். எழுதிய நிரல் கொடை. தொடரும் பராமரிப்பு உழைப்பு. கொடையைக் காட்டி உழைப்பையும் இலவசமாகக் கேட்பது அறமன்று.

சிறிய தொடக்கங்கள் நம் நாட்டிலேயே உண்டு. கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வழங்கும் நிதியை ஜெரோதா நிறுவனம் 2024இல் அறிவித்தது. அதே ஆண்டில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, ஒரு மென்பொருளுக்குள் இருக்கும் கூறுகளின் பட்டியலை எவ்வாறு பேண வேண்டும் என்பதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பட்டியல் வேண்டும் என்னும் உணர்வு வந்துவிட்டது. பட்டியலில் உள்ளவர்களுக்குப் பங்கு என்னும் உணர்வு பரவலாக வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் இதற்காக எவருடைய ஆணைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. செயலி உருவாக்கி அளிக்கும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் பூட்டுக்கோப்பு பின்னிணைப்பாக இடம்பெறட்டும். அது இல்லாமல் ஐந்தாண்டு கழித்து அந்த ஆய்வை எவரும் மீளச் செய்து பார்க்க இயலாது. கட்டுரைகளை மேற்கோள் காட்டும் அதே ஒழுங்கோடு நிரலகங்களையும் பதிப்பெண்ணுடன் சுட்டுவோம். ஒரு மாணவர் கைவிடப்பட்ட நிரலகம் ஒன்றை ஓராண்டு பேணினால், அதைத் திட்டப்பணியாக ஏற்று மதிப்பெண் வழங்குவோம். ஆய்வு மானியத்தில் கணினிக்கு ஒரு தலைப்பு இருப்பதுபோல், சார்ந்திருக்கும் மென்பொருளைப் பேணுவதற்கும் ஒரு தலைப்பு கேட்போம்.

இவ்வாண்டு திட்டப்பணிகளை மதிப்பிடும் ஆசிரியர்கள், செயலி ஓடுகிறதா என்று பார்ப்பதோடு பூட்டுக்கோப்பையும் திறக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள பெயர்களில் மூன்றையாவது யார் பேணுகிறார்கள் என்று மாணவரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்தே பாடம் தொடங்கிவிடும்.