எல்லைக் கணக்கு முடிந்தது. நம் கணக்கு முடிந்ததா?

2021-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நம் திருப்பதியில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தலைமை வகித்தார். அது தென் மண்டலக் கவுன்சிலின் 29-ஆவது கூட்டம். நம் தெருக்காரர்களோ, பெரிய மனிதர்கள் சாமி கும்பிட வந்திருக்கிறார்கள் என்றுதான் பேசிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1956-ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டம் மண்டலக் கவுன்சில்களை அமைத்தது. அக்கம்பக்கத்து மாநிலங்கள் சண்டையின்றிப் பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு மேடை வேண்டும் என்பது நோக்கம். எதைப் பேசலாம் என்று 21-ஆவது பிரிவு சொல்கிறது: எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து. எல்லையையும் எல்லையில் வாழும் மக்களையும் சட்டம் ஒரே வரியில்தான் வைத்தது. பின்னால் வந்த அரசுகளுக்கு முதல் சொல் நினைவிருக்கிறது. இரண்டாவது சொல் மறந்துவிட்டது.

பழைய கதையைப் பிள்ளைகளுக்காக ஒருமுறை சொல்லிவிடுவோம். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினார்கள். பலர் சிறை சென்றார்கள். பிறகு பட்டாஸ்கர் நடுவராக வந்தார். கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மையோர் பேசும் மொழியைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றார். 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. சித்தூரும் திருப்பதியும் புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன.

திருப்பதியிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் ஏறியவர்களுக்குத் தெரியும். ஏகாம்பரகுப்பம் தாண்டினால் பொன்பாடி. அவ்வளவுதான், மாநிலம் மாறிவிட்டது. டிக்கெட் மாறவில்லை, பேச்சு மாறவில்லை, இரு பக்கமும் சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களே. ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளை தமிழில் படிக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளை தாத்தாவின் கடிதத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்கிறது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். பெல்காம் விவகாரத்தில் மகாஜன் கமிஷன் 1967-இல் அறிக்கை கொடுத்தும் தகராறு தீரவில்லை. 2004-இல் வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 2022-இல் மகாராஷ்டிர அரசு இதற்கென்றே இரண்டு அமைச்சர்களை நியமித்தது. தென் கொரியாவோ வட கொரியாவுடன் உள்ள விவகாரத்துக்காக 1969-இலேயே ஒரு தனி அரசுத் துறையை ஏற்படுத்தியது. தகராறு உயிரோடு இருக்கும் இடத்தில் கவனிக்க ஆள் இருக்கிறது. நம் தகராறு தீர்ந்துவிட்டது. ஆகவே நம்மைக் கேட்க நாதியில்லை! அமைதியாக இருந்ததற்கு இதுவா பரிசு?

கோடு போட்டவர்கள் வெறுங்கையோடு நம்மை விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1956-இல் அரசியல் சட்டத்தில் 350ஏ சேர்க்கப்பட்டது: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் வசதி செய்ய முயல வேண்டும். 350பி-யின்படி மொழிச் சிறுபான்மையினருக்கான ஆணையர் பதவி வந்தது. அவர் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தருவார். அது நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படும். அதற்கு முன்பே, 1949-இல், கல்வி அமைச்சர்கள் மாநாடு ஓர் அளவைச் சொல்லிவிட்டது: வகுப்பில் 10 பேர், அல்லது பள்ளி முழுவதிலும் 40 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியர் தர வேண்டும்.

எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நடைமுறையில்? சில ஆண்டுகளுக்கு முன் பதினோரு பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போனோம். "தமிழ் டீச்சர் ரிடையர் ஆகிவிட்டார். போஸ்ட் நிரப்பவில்லை. பிள்ளைகள் குறைவு" என்றார்கள். டீச்சர் இல்லாததால் பிள்ளைகள் வருவதில்லை. பிள்ளைகள் வராததால் டீச்சர் இல்லை. இந்தச் சக்கரம் சுற்றச் சுற்றப் பள்ளி ஒரு நாள் மூடப்படும். பிறகு, "கேட்பார் யாரும் இல்லை" என்று ஃபைலில் எழுதுவார்கள்.

பள்ளிக்கூடம் மட்டுமல்ல. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 கூலியாட்கள் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். செம்மரம் வெட்டுவது குற்றம்தான். அதற்குச் சட்டமும் கோர்ட்டும் இருக்கின்றன. ஆனால் கூலிக்கு எல்லை தாண்டி வரும் ஏழையைப் பற்றி இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேச ஒரு மேடை சட்டப்படி இருந்ததே! 1956 சட்டம் வந்ததிலிருந்து 2021 வரை 65 ஆண்டில் 29 கூட்டங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்றுகூடக் கணக்கு வரவில்லை. 2021-இல் கூடியபோதும் 2014 பிரிவினையின் பாக்கிக் கணக்குகள் பேசப்பட்டன. மாநிலத்துக்கு மாநிலம் பாக்கி உண்டு. மனிதனுக்குப் பாக்கி இல்லையா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். கோட்டை மாற்ற நாம் கேட்கவில்லை. தெலுங்கு மக்கள் நம் அண்டை வீட்டார்; நமக்குச் சோறு போடும் ஊர் இது. நாம் கேட்பது 1956-இல் எழுதிக் கொடுத்ததை மட்டுமே. இங்கே நாம் கேட்பதை அங்கே ஓசூரிலும் திருத்தணியிலும் வாழும் தெலுங்குக் குடும்பங்களுக்கும் கொடுக்கச் சொல்வோம். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தங்கள் பிள்ளைகளின் தெலுங்கு போய்விடும் என்று அவர்கள் அஞ்சினால், அந்த அச்சம் நமக்குப் புரியாதா? அவர்களுக்காக வாய் திறக்காதவன் தனக்காகக் கேட்க முடியாது.

இனி வேலைக்கு வருவோம். ஒவ்வொரு தெருவிலும் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையெழுத்து ஆகியவற்றைக் கொண்ட ஒரு பட்டியல் தயாராக வேண்டும். வகுப்புக்குப் பத்துப் பெயர் சேர்ந்ததும் மனு எழுதுவோம். நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லி மனுச் செய்யலாம் என்று 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆகவே தமிழிலேயே எழுதுவோம். ஒரு பிரதி மாவட்டக் கலெக்டருக்கு, ஒரு பிரதி மொழிச் சிறுபான்மை ஆணையருக்கு, ஒரு பிரதி டில்லியில் உள்ள மண்டலக் கவுன்சில் செயலகத்துக்கு. எல்லாம் ஸ்பீட் போஸ்டில் போகட்டும்; ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

ரயில்வேயில் ஒரு மூட்டை ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறினாலும் பதிவு உண்டு; மூட்டை காணாமற் போனால் பதில் சொல்ல ஆள் உண்டு. 1953-இல் மாநிலம் மாறியவர்கள் நாம். நம் பதிவை நாமே கையில் எடுத்துக்கொண்டு கவுண்டரில் போய் நிற்போம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் பட்டியல் சங்கத்துக்கு வந்து சேரட்டும்.