டெராஃபிளாப் எண்ணிக்கை வெற்றியைச் சொல்லாது

அடுத்த எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோலுக்காக ஏஎம்டி சிப் நிறுவனத்துடன் பல ஆண்டுக் கூட்டணி அமைத்திருப்பதாக 2025 ஜூனில் மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சோனியின் கன்சோல் வடிவமைப்பாளர் மார்க் செர்னி, ஏஎம்டியுடன் சேர்ந்து உருவாக்கிவரும் புதிய கிராபிக்ஸ் நுட்பங்கள் சில ஆண்டுகளில் வரவிருக்கும் ஒரு கன்சோலில் இடம்பெறும் என்று கோடிட்டுக் காட்டினார். உடனே ஒப்பீடுகள் கிளம்பிவிட்டன. "எந்தக் கருவியில் டெராஃபிளாப் அதிகமோ, அதுவே அடுத்த தலைமுறையை ஆளும்" என்பதே அவற்றின் சாரம்.

ஒரு டெராஃபிளாப் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி தசமக் கணக்குகள். கேட்கவே மலைப்பாக இருக்கும் எண்தான். ஆனால் அதை வைத்து வெற்றியைக் கணிப்பவர்களின் வாதம் எதுவும் கன்சோல்களின் வரலாற்றுக்கு முன் நிற்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: வலுவான கருவிதான் அதிகம் விற்கும்.

1989இல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய்க்கு வண்ணத் திரை கிடையாது. அதே ஆண்டு வந்த அட்டாரி லிங்க்ஸிலும், அடுத்த ஆண்டு வந்த சேகாவின் கேம் கியரிலும் வண்ணத் திரை இருந்தது. ஆனால் கேம் கியர் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாயோ நான்கே பேட்டரிகளில் பல மடங்கு நேரம் ஓடியது. கேம் பாயும் அதன் பிந்தைய வண்ண வடிவமும் சேர்ந்து 11.8 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியைத் தாண்டவே திணறியது.

2000இல் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 2, அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்பாக்ஸைவிட வலுக் குறைந்தது. ஆனால் அதில் டிவிடி படம் பார்க்கலாம், முந்தைய பிளேஸ்டேஷன் கேம்களையும் ஆடலாம். அது 15.5 கோடிக்கு மேல் விற்றது. எக்ஸ்பாக்ஸ் சுமார் 2.4 கோடி. 2006இல் வந்த நிண்டெண்டோ வீ அந்தத் தலைமுறையிலேயே பலவீனமான கருவி. ரிமோட்டைக் கையில் பிடித்து வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும் என்ற எளிமை, அதுவரை கேம் பக்கமே வராத குடும்பங்களை இழுத்தது. வீ 10 கோடியைத் தாண்டியது; பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3), எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டும் அதற்குப் பின்னால்தான் நின்றன. 2017இல் வந்த ஸ்விட்ச், பிஎஸ்4 அளவுக்குக்கூட வலு இல்லாமலேயே 15 கோடியைக் கடந்தது.

வலுக் குறைந்தால் வெற்றி என்று இதற்குப் பொருளில்லை. வீக்குப் பின் வந்த வீ யூவும் வலுக் குறைந்ததுதான், அது 1.4 கோடியைக்கூட எட்டவில்லை. வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது வேறு இடத்தில் இருக்கிறது என்பதே இந்தக் கணக்குகள் காட்டும் உண்மை.

இரண்டாம் வாதம்: டெராஃபிளாப் பொதுவான அளவுகோல், எனவே ஒப்பிடலாம்.

2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 12 டெராஃபிளாப்புடன் வந்தது, பிஎஸ்5க்கு 10.28. காகிதத்தில் முடிவு தெளிவு. ஆனால் வெளியீட்டின்போது 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா' கேம் பிஎஸ்5இல்தான் சீராக ஓடியது. எக்ஸ்பாக்ஸ் சிப்பில் கணக்கிடும் அலகுகள் 52, பிஎஸ்5இல் 36தான். ஆனால் பிஎஸ்5இன் அலகுகள் அதிக வேகத்தில் துடிக்கின்றன. அதன் எஸ்எஸ்டி சேமிப்பகம் நொடிக்கு 5.5 ஜிபி தரவைப் படிக்கும், எக்ஸ்பாக்ஸுடையது 2.4 ஜிபி. டெராஃபிளாப் எண்ணில் இந்த எஸ்எஸ்டி வேகத்துக்கு இடமே இல்லை.

2024இல் வந்த பிஎஸ்5 புரோ இந்த அளவுகோலை இன்னும் குழப்பியது. அதன் திறன் 33.5 டெராஃபிளாப் என்று முன்கூட்டியே செய்தி பரவியது. உண்மை எண் 16.7 என்று செர்னி விளக்கினார். ஏஎம்டியின் புதிய சிப் வடிவமைப்பில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டளைகளை எண்ணும் வழி இருப்பதால் எழுந்த குழப்பம் அது. ஒரே சிப்புக்கு இரண்டு எண் உலவ முடிகிறபோது, இரண்டு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைத்துத் தீர்ப்பெழுதுவது எப்படி நியாயமாகும்?

மூன்றாம் வாதம்: வலு இருந்தால் நல்ல கேம்கள் தாமாக வரும்.

1996இன் நிண்டெண்டோ 64 கணக்குத் திறனில் பிளேஸ்டேஷனை விஞ்சியது. ஆனால் அதன் கேட்ரிட்ஜில் அதிகபட்சம் 64 எம்பிதான் அடங்கும். சிடியில் அதைப் போலப் பத்து மடங்கு. 'ஃபைனல் ஃபேண்டஸி 7' மூன்று சிடிகளில் பிளேஸ்டேஷனுக்குப் போய்விட்டது. பிஎஸ்3இன் செல் சிப்பும் அப்படியே: வலு ஏராளம், பழக்குவது கடினம். 'பேயோனெட்டா' கேம் அதில் எக்ஸ்பாக்ஸ் 360 அளவுக்குச் சரளமாக ஓடவில்லை. அந்தப் பாடத்தால்தான் பிஎஸ்4ஐ எல்லோருக்கும் பழக்கமான கணினிச் சிப் வடிவமைப்பில் கட்டினார்கள்.

வலு கூடக் கூட, அதை நிரப்பும் செலவும் கூடுகிறது. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' உருவாக்க 22 கோடி டாலர் ஆனது நீதிமன்ற ஆவணம் ஒன்றில் வெளிப்பட்டது. மறுபக்கம், 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைக் களமாக்கிய 'வெண்பா' 2024இல் பாஃப்டாவின் அறிமுகக் கேம் விருதை வென்றது. இட்லி வார்க்கும் அந்தக் கேமுக்கு டெராஃபிளாப் எதற்கு? அது ஸ்விட்ச்சிலும் வந்தது, பிஎஸ்5இலும் வந்தது.

நான்காம் வாதம்: பிஎஸ்4 எக்ஸ்பாக்ஸ் ஒன்னை வென்றதே?

எதிர்த்தரப்பின் வலுவான சான்று இதுதான். 1.84 டெராஃபிளாப், 1.31ஐ வென்றது உண்மை. ஆனால் 2013இல் நடந்ததை முழுதாகப் பார்க்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன் நாளுக்கு ஒரு முறையாவது இணையத்தைத் தொட வேண்டும், பழைய கேம்களைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசாப்ட் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. கினெக்ட் கேமராவையும் சேர்த்துத் தலையில் கட்டியதால் விலை 499 டாலர். பிஎஸ்4 399 டாலர். வலுதான் காரணம் என்றால், 2017இல் 6 டெராஃபிளாப்புடன் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ் நிலைமையைத் திருப்பியிருக்க வேண்டும். திருப்பவில்லை.

ஐந்தாம் வாதம்: காலப்போக்கில் விலை இறங்கும், எனவே வலுவை மட்டும் பார்த்தால் போதும்.

299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2009இல் 99 டாலருக்குக் கிடைத்தது. அந்தக் காலம் போய்விட்டது. 499 டாலருக்கு வந்த சீரிஸ் எக்ஸ், ஐந்து ஆண்டு கழித்து, 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 649.99 டாலர். பிஎஸ்5 புரோவின் தொடக்க விலையே 699.99, அதுவும் டிஸ்க் டிரைவ் இல்லாமல். செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொள்வதால் அவற்றின் விலையும் ஏறியிருக்கிறது. இந்த நிலையில் வலுவை ஏற்றுவதென்றால் விலையை ஏற்றுவதென்றே பொருள்.

ஆகவே அடுத்த கன்சோல்களின் விவரப் பட்டியல் வெளியாகும் நாளில், டெராஃபிளாப் வரியைக் கடைசியாகப் படியுங்கள். விலை என்ன, கையிலுள்ள கேம்கள் அதில் ஓடுமா, டிஸ்க் டிரைவ் உண்டா, ஆன்லைனில் ஆட மாதச் சந்தா எவ்வளவு, முதல் ஆண்டில் எந்தக் கேம்கள் வருகின்றன என்ற ஐந்து கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகு பணத்தை எடுங்கள்.