வண்டியின் வயதும் டீசல் கணக்கும்

நெல்லுக்கு என்ன விலை, நூலுக்கு என்ன விலை என்று கேளாத அங்கத்தினர் நம்மில் இல்லை. ஆனால் நெல்லையும் நூலையும் ஏற்றிச் செல்லும் வண்டி ஒரு நடைக்கு எத்தனை லிட்டர் டீசல் குடிக்கிறது என்று கேட்டால், ஏட்டைப் பார்த்து விடை சொல்லக்கூடியவர் மிகச் சிலரே. டீசல் விலைக் கட்டுப்பாட்டை மத்திய அரசு 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் நீக்கியது. விலையேற்றத்தை வண்டிக்காரர் வாடகையில் சேர்க்கிறார். வாடகையோ விளைவிப்பவருடைய வருவாயிலும் நெய்பவருடைய கூலியிலும் கழிகிறது. ஆகவே இது வண்டி வைத்திருப்போரின் விஷயம் மட்டுமன்று. நம் அனைவருடைய விஷயமுமாகும்.

ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் சரக்கு ஏற்றும் சிறு வண்டிகளுக்குக் குறைவில்லை. தோட்டத்துக் காய்கறி, ஏரிக்கரை நெல், பழவேற்காட்டுப் பக்கத்து மீனும் இறாலும், சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போகும் சாமான்கள், எல்லாம் பெரும்பாலும் பிக்கப் வண்டிகளிலும், நம் மக்கள் குட்டியானை என்று அழைக்கும் சிறு வண்டிகளிலுமே செல்கின்றன. இவற்றுள் பத்து, பதினைந்து வயது கடந்தவையும் உண்டு. சேறும் மணலும் உள்ள இடங்களுக்குப் பழைய ஜீப்புகளும் இன்னும் பயன்படுகின்றன. "பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குங்கள், டீசல் மிச்சமாகும்" என்பது விற்பனையாளர் வாக்கு. "என் வண்டி லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுக்கிறது, எதற்கு விற்க வேண்டும்?" என்பது உரிமையாளர் வாக்கு. இரண்டுக்கும் ஏட்டில் ஆதாரம் இல்லை என்பதே நாம் சுட்ட விரும்புவது.

விற்பனைத் தாளில் அச்சிடப்படும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதல் நலம். நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கிய சோதனை முறை, ஐரோப்பியர் கையாண்ட முறையை எடுத்து, உச்ச வேகத்தை மணிக்கு 90 கிலோ மீட்டராகக் குறைத்து அமைக்கப்பட்டதாகும். கூடத்துக்குள் உருளைகளின் மேல் சக்கரங்களைச் சுழலவிட்டு, 20 நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் அச்சோதனை முடிந்துவிடும். அங்கே எதிர்க்காற்று இல்லை, குழி இல்லை, சந்தை வாசலில் காத்திருப்பு இல்லை. அந்த மூல முறையைக் கையாண்ட ஐரோப்பாவிலேயே என்ன நேர்ந்தது? தூய போக்குவரத்துக்கான சர்வதேசக் குழுவினர் கார்களை ஆராய்ந்து, தாளில் உள்ள கணக்குக்கும் சாலையில் உள்ள கணக்குக்கும் 2001-இல் சுமார் 9 சதவீதமாக இருந்த இடைவெளி 2015-இல் சுமார் 42 சதவீதமாகப் பெருகியதைக் கண்டனர். 2017 முதல் அவர்கள் வேறு சோதனை முறைக்கு மாறினர். ஆகவே தாளில் உள்ள எண்ணை ஒரு வண்டியை மற்றொரு வண்டியோடு ஒப்பிடக் கொள்ளலாமேயன்றி, அதுவே நம் சாலையில் கிடைக்கும் என்று நம்பிக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடலாகாது.

பழைய வண்டிக்காரர் சொல்லும் எண்ணும் அவ்வாறே ஐயத்துக்குரியது. மைல்மானி காட்டும் தூரம் சக்கரத்தின் சுற்றளவைப் பொறுத்தது. ஜீப்புக்குச் சேற்றில் ஓடும் பெரிய டயர் மாட்டினால், மைல்மானி 100 கிலோ மீட்டர் காட்டும்போது வண்டி 105 ஓடியிருக்கக்கூடும். வண்டி டீசலை அதிகம் குடிப்பதாகத் தோன்றும். தேய்ந்த டயரோடு ஓடினால் மைல்மானி கூடுதலாகக் காட்டும்; உரிமையாளர் மகிழ்ந்து போவார். இரண்டுமே மாயக்கணக்கு. நெடுஞ்சாலைக் கிலோ மீட்டர் கற்களை வைத்து 20 கிலோ மீட்டர் ஓட்டிச் சரிபார்த்தால் மாயம் விலகும்.

பழைய வண்டி உண்மையிலேயே கூடுதலாகக் குடிக்கிறதென்றால், பழியை வயதின் மேல் போடுமுன் காரணத்தைத் தேட வேண்டும். காற்று குறைந்த டயர், அடைபட்ட காற்று வடிகட்டி, முழுவதும் விடாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக், வழுக்கும் கிளச், தேய்ந்த நாசில், நேரம் தவறிய டீசல் பம்பு ஆகியவை யாவும் பட்டறையில் தீரக்கூடிய நோய்கள். ஏற்றம் இல்லாத சாலையிலும் கரும்புகை கக்கும் வண்டி, தான் குடித்ததை முழுவதும் எரிக்கவில்லை என்று தானே சொல்கிறது. நான்கு சக்கர இழுவையுள்ள ஜீப்புகளில் அதைச் சேற்றைத் தாண்டியவுடன் விடுவித்துவிட வேண்டும். தார்ச்சாலையிலும் அப்படியே ஓட்டினால் டீசலோடு டயரும் பல் சக்கரங்களும் வீணாகும்.

அடுத்தது ஓட்டும் முறை. வேகம் 60-இலிருந்து 80 ஆகும்போது காற்றின் தடை ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் ஆகிவிடும். கூரைக்கு மேல் உயர்த்தித் தார்ப்பாய் கட்டிய பிக்கப் வண்டிக்கு இந்தத் தடை காரைக் காட்டிலும் மிகுதி. கவரைப்பேட்டை, தச்சூர், காரனோடை, செங்குன்றம் என்று செல்லும் அகன்ற சாலையில் சிறிது நேரம் மிச்சப்படுத்த விரைவோர், அதன் விலையை டீசலில் செலுத்துகின்றனர். சந்தையில் வரிசை நகரும் வரை என்ஜினை அணைக்காமல் வைத்திருப்பதும் வீண் செலவே. இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள என்ஜின் சும்மா ஓடினாலே மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். லிட்டருக்கு இத்தனை கிலோ மீட்டர் என்று பேசுவது நம் வழக்கம். அது சில வேளை கண்ணை மறைத்துவிடும். லிட்டருக்கு 8 ஓடும் வண்டியைப் பழுது பார்த்து 10 ஆக்கினால், 1,000 கிலோ மீட்டருக்கு 125 லிட்டர் பிடித்த இடத்தில் 100 லிட்டர் போதும். மிச்சம் 25 லிட்டர். 13 ஓடும் வண்டியை 15 ஆக்கினால் மிச்சம் சுமார் 10 லிட்டர்தான். இரண்டிலும் கூடியது 2 கிலோ மீட்டரே. ஆனால் மிச்சம் இரண்டரை மடங்கு வேறுபடுகிறது. எனவே மிகவும் மோசமாக ஓடும் வண்டியை முதலில் கவனிப்பதே பணத்தைக் காப்பதாகும்.

அதனினும் முக்கியமானது சுமைக் கணக்கு. போக வர 120 கிலோ மீட்டர் உள்ள ஒரு நடையை எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 ஓடும் பழைய வண்டி, அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் 12 குவிண்டால் ஏற்றிச் சென்றால், குவிண்டாலுக்கு 1 லிட்டர் ஆகிறது. லிட்டருக்கு 13 ஓடும் புதிய வண்டி 6 குவிண்டால் மட்டும் ஏற்றிச் சென்றால், குவிண்டாலுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் ஆகிறது. பிக்கப் வண்டியின் சொந்த எடையே ஒன்றரை டன் அளவுக்கு இருப்பதால், வெறுமையாகத் திரும்பும் வண்டியும் டீசலைக் குடித்துக்கொண்டேதான் வரும். இரவில் காய்கறியோடு கோயம்பேடு சென்று காலையில் வெறும் வண்டியாகத் திரும்புவதும், அதே வாரத்தில் நெசவாளரின் நூலுக்காக மற்றொரு வண்டி வெறுமையாகச் சென்னைக்குப் போவதும் ஒரு சங்கத்துக்கு அழகன்று.

புதிய வண்டி வாங்குவதையும் இந்தக் கணக்காலேயே அளக்கலாம். டீசல் லிட்டர் 90 ரூபாய் என்றும், ஆண்டுக்கு 24,000 கிலோ மீட்டர் ஓட்டம் என்றும் வைத்துக்கொள்வோம். 10 ஓடும் வண்டிக்கு 2,400 லிட்டர். 13 ஓடும் வண்டிக்குச் சுமார் 1,850 லிட்டர். மிச்சம் ஏறத்தாழ 50,000 ரூபாய். புதிய வண்டிக்கு 9 லட்சம் ரூபாய் கடன் வாங்கினால், நூற்றுக்கு 10 வட்டியில் முதல் ஆண்டு வட்டி மட்டுமே 90,000 ரூபாயை நெருங்கும். டீசல் மிச்சம் வட்டிக்கே போதாது. ஆண்டுக்கு 60,000 கிலோ மீட்டர் ஓடும் வண்டியாயின் மிச்சம் 1,20,000 ரூபாயைத் தாண்டும். அவ்வுரிமையாளர் புதியதைப் பற்றி யோசிப்பதில் நியாயம் உண்டு. ஒருவருக்குப் பொருந்துவது மற்றவருக்குப் பொருந்தாது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பது கணக்காகாது.

பழைய வண்டியை என்றென்றும் வைத்திருங்கள் என்று நாம் கூறவில்லை. 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகளின் புகை, பழைய வண்டிகளின் புகையினும் பெரிதும் தூயது. தொழிற்சாலைகள் நிறைந்த கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நம் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்கும் ஒரு விலை உண்டு. எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. பெறும் செலவும், நடுவழியில் நின்றுபோனால் அழுகும் சரக்கின் நஷ்டமும் கணக்கில் சேர வேண்டியவையே. சட்டமும் பாதுகாப்பும் இடந்தராத வண்டியைச் சிக்கனத்தின் பெயரால் ஓட்டுவது தகாது. எனினும் இம்முடிவை எடுக்குமுன் கையில் ஏடு இருக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

ஏடு எழுதுவது எளிது. தொட்டி நிறைய டீசல் போட்டு மைல்மானி எண்ணைக் குறிக்க வேண்டும். அடுத்த முறையும், கூடியவரை அதே பங்கில், அதேபோல் தொட்டியை நிரப்பி, ஊற்றிய லிட்டரையும் ஓடிய தூரத்தையும் குறிக்க வேண்டும். அதன் பக்கத்தில் ஏற்றிய சுமை, திரும்பியபோது சுமை உண்டா இல்லையா என்பதையும் எழுத வேண்டும். ஒரு முறை பார்த்து முடிவு செய்யலாகாது. மூன்று மாதம் எழுதினால் உண்மை தெரியும். இந்த ஏட்டால் டிரைவருக்கும் ஒரு நன்மை உண்டு. டீசல் கூடுதலாகச் செலவானால் அவர் திருடினார் என்று ஐயுறுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. தேய்ந்த நாசில் செய்த குற்றத்துக்கு ஏழைத் தொழிலாளி பழி சுமப்பது எவ்வளவு கொடுமை! ஏடு ஒழுங்காக இருந்தால் குற்றம் யந்திரத்திலா மனிதரிடத்திலா என்பது விளங்கும்.

நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே வேளாண் கடன் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தனித்தனியே வட்டியில் மூழ்கிய உழவர்கள் ஒன்றுகூடிக் கணக்கு எழுதக் கற்றதே கூட்டுறவின் தொடக்கம். இன்று தனித்தனியே டீசலில் மூழ்கும் நமக்கும் வழி அதுவே. ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர் வண்டிகளுக்கு ஒரு பொது ஏடு திறக்கட்டும். எந்த வண்டி எந்த நாள் எங்கே போகிறது என்பதைச் சங்க வாசலில் எழுதிப் போடட்டும். காய்கறியோடு போகும் வண்டி நூலோடு திரும்பட்டும். வண்டிக் கடனுக்கு மனுச் செய்வோரிடம் மூன்று மாத டீசல் கணக்கை நிர்வாகக் குழுவினர் கேட்கட்டும். இவற்றுள் எதற்கும் அரசாங்க உத்தரவு வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், அதை நாள் தவறாமல் எழுதும் கையுமே வேண்டும். வரும் மகாசபைக் கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை எடுத்துப் பேசி முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.