வாங்குவது வீடு அல்ல, பங்கு! நியூயார்க் ‘கோ-ஆப்’ சிக்கல்

நியூயார்க்கில், இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டிய அடுக்குமாடியில் ஒரு படுக்கையறை வீடு. தடித்த சுவர், உயரமான கூரை, பார்த்ததும் பிடிச்சுப்போகும். ஆனால் அது ‘கோ-ஆப்’ என்றால், முழுப் பணம் கட்டினாலும் வீடு உங்க பேருக்கு வராது.

ஏன்? கட்டடம் முழுக்க ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்க வாங்குவது அதன் பங்குகளை. கூடவே குடியிருக்க ஒரு குத்தகைப் பத்திரம் கிடைக்கும். சொத்து வரி, பராமரிப்பு, கட்டடக் கடன் எல்லாம் மாதக் கட்டணத்தில் சேரும்.

விலை பேசி முடித்தாலும், குடியிருப்போரின் நிர்வாகக் குழு சரின்னு சொல்லணும். வருமானம், சேமிப்பு பார்த்து நேர்காணலும் நடத்துவாங்க. 1930-ல் கட்டி முடித்த சான் ரெமோ கட்டடத்தில், 1985-ல் பாடகி மடோனாவுக்கே இடம் கிடைக்கல.

ஒருத்தர் மாதக் கட்டணம் கட்டாவிட்டால் சுமை எல்லார் தலையிலும் விழும். அதனால் கணக்கு பார்ப்பது நியாயம்தான். ஆனால் காரணம் சொல்லாமல் நிராகரிக்கும் பழக்கம் நியாயமில்லை. இனம், மதம் பார்த்து வீடு மறுப்பது அங்கே சட்டவிரோதம். காரணமே சொல்லலைன்னா அதை எப்படி நிரூபிப்பது? விற்பவருக்கும் நஷ்டம்தான்; மறுபடியும் ஆள் தேடணும். நிராகரித்தால் எழுத்தில் ஒரு வரி காரணம் தரட்டும். இவ்வளவு பணம் போடத் தயாரானவர் கேட்க அதுக்குக்கூட உரிமை இல்லையா?