நிலையாமையும் நிரலாசிரியரும்

கைப்பேசிச் செயலிகளை இயற்றுவதில் இக்காலத்து மாணாக்கர் காட்டும் ஊக்கம் பாராட்டற்குரியதே. ஆயினும் அவர்தம் ஆக்கங்களுட் பலவற்றில் ஒரு குறை காணக்கிடக்கின்றது. விண்ணப்பப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தை எய்தியவர் கைப்பேசியைச் சற்றே குறுக்காகத் திருப்பினால், முதற் பக்கம் மீண்டும் தோன்றுகின்றது. தேர்ந்தெடுத்த பாடங்களும் சேர்த்த படங்களும் போன இடந் தெரிவதில்லை. இதனைச் சிறு பிழையென்று இயற்றியோர் புறக்கணிக்கின்றனர். யாம் அங்ஙனங் கருதுகின்றிலேம்.

இதன் காரணத்தை ஆராய்வாம். கணிப்பொறியிற் பழைய முறையில் எழுதப்படும் நிரல், 'மெயின்' என்னும் வாயிலிற் புகுந்து, தன் வேலை முடிந்தபொழுது தானே நின்றுவிடும். 2008-ஆம் ஆண்டில் முதற் கைப்பேசியுடன் வெளிவந்த ஆண்ட்ராய்டிலோ அம்முறை செல்லாது. அங்கே திரைக்குரிய 'ஆக்டிவிட்டி' என்னும் உறுப்பு, இயங்குதளம் பிறப்பிக்கப் பிறந்து, அது மாய்க்க மாய்வது. பிறக்கும்போது 'ஆன்கிரியேட்', கண்ணுக்குப் புலனாகும்போது 'ஆன்ஸ்டார்ட்', பயனர் கைக்கு வரும்போது 'ஆன்ரெஸ்யூம்'. இறங்குமுகத்தில் 'ஆன்பாஸ்', 'ஆன்ஸ்டாப்', 'ஆன்டெஸ்ட்ராய்' என அழைப்புகள் ஆறு. திரை திரும்புங்கால், வேறு ஏற்பாடு செய்யாவிடின், பழைய ஆக்டிவிட்டி மடிந்து புதியதொன்று பிறக்கின்றது. நெடிய திரைக்கும் அகன்ற திரைக்கும் வெவ்வேறு அமைப்புகள் இருக்கக்கூடுமன்றோ?

திரை திரும்புதலாவது கண்ணெதிரே நிகழ்வது. அதனினுங் கொடியது ஓசையின்றி நிகழும் முடிவு. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஏழை மாணவி ஒருத்தியைக் கொள்வோம். அவள் கைப்பேசியின் நினைவகம் 2 ஜிபி. சான்றிதழைப் படமெடுக்கும்பொருட்டுச் செயலி காமிராவை அழைக்கின்றது. காமிரா நினைவகத்தைப் பெரிதும் வேண்டுவது. இடம் போதாதாயின், பின்னே நிற்கும் செயலியின் 'பிராசஸ்' முழுவதையும் இயங்குதளம் அழித்துவிடும். அப்பொழுது 'ஆன்டெஸ்ட்ராய்' அழைக்கப்படுமென்பதற்கு யாதோர் உறுதியுமில்லை. 'இறுதியிற் சேமித்துக்கொள்வோம்' என்று அவ்விடத்தே நிரலை எழுதிவைத்தவர்க்கு அவ்விறுதி வருவதேயில்லை. மாணவி படத்துடன் மீளுங்கால் படிவம் வெறுமையாய் நிற்கும். 12 ஜிபி கைப்பேசியிற் சோதித்த நிரலாசிரியர் இதனைக் காண்பது அரிது. வசதியுடையார் கண்ணுக்கு மறைந்து இல்லார் தலைமேல் விழும் குறை இது; ஆதலினாலேயே இதனைச் சிறிதென்று விடுதல் தகாதென்கின்றோம்.

'வியூமாடல் இருக்க அச்சமேன்?' என்பாரும் உளர். 2017-இல் கூகுள் நிறுவனம் அளித்த அவ்வுறுப்பு, திரை திரும்புதலைத் தாங்கும். பிராசஸ் அழிந்தால் உடன் அழியும். எஞ்சுவன இரண்டே: வட்டில் எழுதிவைத்தது ஒன்று, 'ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட்' என்னும் அழைப்பில் நாம் கட்டிக்கொடுக்கும் 'பண்டில்' என்ற மூட்டை மற்றொன்று. மூட்டை சிறிதாயிருத்தல் வேண்டும். அது செல்லும் வழியின் கொள்ளளவு ஏறத்தாழ 1 எம்பி. அதனையும் அவ்வேளை நிகழும் பிற பரிமாற்றங்களோடு பங்கிட்டுக்கொள்ளல் வேண்டும். ஆகவே படத்தைக் கோப்பிலும் பதிவுகளைத் தரவுத்தளத்திலும் அவ்வப்போதே எழுதிவிட்டு, பக்க எண்ணையும் பதிவு எண்ணையும் மட்டும் மூட்டையில் இடுக. எழுத்துப் பெட்டியிற் தட்டியதை, பெட்டிக்கு அடையாளப்பெயர் இருப்பின், பழைய 'வியூ' முறையில் தளமே காத்துத் தருகின்றது. அவ்வுதவியே பலரை எல்லாங் காக்கப்படுமென்று மயங்கச் செய்தது என்பது எம் துணிபு.

திரையை நெடுக்காகவே பூட்டிவிடுதல் சிலர் கையாளும் குறுக்குவழி. 2025-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில், விளையாட்டுகள் நீங்கலாக, பெரிய திரைகளில் அப்பூட்டைத் தளம் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. அன்றியும், கைப்பேசியின் மொழியை மாற்றினும் இருள்நிறத் தோற்றத்துக்கு மாற்றினும் ஆக்டிவிட்டி புதிதாய்ப் பிறக்குமே. அவற்றை எதனாற் பூட்டுவர்?

செய்யத்தக்கது ஒன்றுண்டு. செயல்முறைத் தேர்வில், 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' பகுதியிலுள்ள 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' என்னும் விசையைப் பேராசிரியர் இயக்கிவைத்து, படிவத்தின் நடுவே வேறு செயலிக்குச் சென்று மீளுமாறு மாணாக்கரைப் பணிக்கலாம். அவ்விசை பிராசஸைக் கொல்லாதாதலின், கணிப்பொறியிலிருந்து 'ஏடிபி' வழியே பின்னணியிலுள்ள செயலியை அழித்தும் ஒருமுறை பார்த்தல் நன்று. இதற்கு நூற்றுக்குப் பத்து மதிப்பெண்ணாவது ஒதுக்கவேண்டும். அதனை வண்ண அலங்காரத்துக்கு ஒதுக்குவதினின்று கழித்துக்கொள்ளினும் யாம் வருந்தேம்.