ஃபியூஸைப் பிடுங்கும் தம்பிகளுக்கு

அருப்புக்கோட்டையில் பைக் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் சொன்ன செய்தி மனதை விட்டுப் போகவே இல்லை. புது வண்டி எடுத்த கையோடு சில பையன்கள் அவரிடம் வந்து, "அண்ணாச்சி, அந்த ஏபிஎஸ் ஃபியூஸை மட்டும் பிடுங்கி விட்டுருங்க" என்று கேட்கிறார்களாம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கிற அமைப்புதான் ஏபிஎஸ். ரேஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள் என்பது ஒரு காரணம். நம்ம ஊர்ச் சரளைக்கு அது ஒத்துவராது என்பது இன்னொன்று. அவர் முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். அனுப்பி என்ன செய்ய? ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கிறது என்பதைக் கைபேசியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அவர்களே பிடுங்கிக்கொள்கிறார்கள்.

அந்தப் பையன்களை வெறுமனே திட்ட எனக்கு மனமில்லை. அவர்கள் சொல்கிற இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ரேஸ் கதையை முதலில் பார்ப்போம். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலும் சரி, 1990இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி ரேஸ் தடம் வந்த பிறகும் சரி, தமிழ்நாட்டு ரேஸ்காரர்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் இல்லாத கார்களில்தான் தொழில் கற்றார்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் ஓட்டினாரே, அந்தக் காரிலும் கிடையாது. 1993இல் வில்லியம்ஸ் அணி தன் காரில் ஏபிஎஸ் வைத்திருந்தது. அடுத்த ஆண்டே ஃபார்முலா ஒன்னில் அதைத் தடை செய்துவிட்டார்கள். ஓட்டுநரின் கால் எவ்வளவு கெட்டி என்பதைத்தானே பந்தயம் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்கில் ஓடிய ஃபார்முலா 4 கார்களும் இந்த வகைதான்.

அந்தக் கால் செய்கிற வேலை லேசானது இல்லை. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் உருளும் வேகம் வண்டியின் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைய வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் சுமார் பத்திலிருந்து இருபது சதவீதம் குறையும்போது டயரின் பிடிப்பு உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன்சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும், டயரும் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகிவிடும். ஃபார்முலா காரில் இன்னொரு சிக்கல் உண்டு. வேகமாகப் போகும்போது காற்று காரைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கும். வேகம் குறையக் குறைய அந்த அழுத்தமும் குறையும், பிடிப்பும் குறையும். ஆகவே முதலில் ஓங்கி மிதித்துவிட்டு, வளைவு நெருங்க நெருங்க நூல் பிடித்தாற்போல் காலைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். எல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். இந்த ஒரு வேலையைப் பழகத்தான் சிறு வயதிலிருந்து கார்ட்டிங் ஓட்டுகிறார்கள்.

சாலைக்கென்று செய்த ஸ்போர்ட்ஸ் காரைத் தடத்துக்குக் கொண்டுவருகிறவர்கள் ஏபிஎஸ்ஸை அணைக்க நினைப்பதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. சாலையில் ஓடும் டயரை மனதில் வைத்துத்தான் ஏபிஎஸ் கணினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ரேஸ் டயரை மாட்டிக்கொண்டு, மேடு பள்ளத்தில் குதிக்கும் நேரம் பார்த்து வெடுக்கென்று மிதித்தால், நாம் பனிக்கட்டி மேல் நிற்கிறோம் என்று அது முடிவு கட்டிவிடும். உடனே பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். மிதி கல்லுப்போல் இறுகும், வண்டி நிற்காது. தடம் ஓட்டுகிறவர்கள் இதை ஐஸ் மோட் என்கிறார்கள். இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவை நோக்கிப் போகிறவனுக்கு ஒருமுறை இது நேர்ந்தால் போதும், ஃபியூஸ் பெட்டிப் பக்கம் கை போகும்.

ஆனால் ஃபியூஸைப் பிடுங்கும்போது கூடவே போகிற ஒன்றைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்னால் சாயும், பின்சக்கரங்கள் லேசாகும். பழைய கார்களில் பின்சக்கர அழுத்தத்தை மட்டுப்படுத்த ஒரு வால்வு இருந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் அந்த வால்வு கிடையாது. அந்த வேலையையும் ஏபிஎஸ் பெட்டிதான் பார்க்கிறது, இபிடி என்று அதற்குப் பெயர். ஃபியூஸ் போனால் இரண்டும் போய்விடும். பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டு கார் பம்பரமாகச் சுற்றும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பிடுங்குவதில்லை, மாற்றுகிறார்கள். உலகெங்கும் நடக்கும் ஜிடி3 பந்தயங்களில் ஏபிஎஸ்ஸுக்கு அனுமதி உண்டு. பாஷ் நிறுவனம் ரேஸுக்கென்றே தனி ஏபிஎஸ் செய்து விற்கிறது. ஓட்டுநர் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். மழைக்கு ஒரு எண், காய்ந்த தடத்துக்கு ஒரு எண் என்று திருகிக்கொள்ளலாம். ரேஸ்காரர்கள் எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள் என்ற பேச்சு இந்த இடத்தில் அடிபட்டுப்போகிறது.

கழற்றி ஓட்டுகிறவர்களுக்கும் தடம் என்னவெல்லாம் கொடுக்கிறது என்று பாருங்கள். ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும். எதிரில் வண்டி வராது. தார் எங்கே வழுக்கும் என்பது முதல் சில சுற்றுகளிலேயே தெரிந்துவிடும். தவறினால் ஓரத்தில் சரளைப் படுகை இருக்கிறது, ஆம்புலன்ஸ் எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கிறது.

இப்போது அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடி போகும் ரோட்டுக்கு வாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை விழுந்தால் டிராக்டர் சக்கரம் கரிசல் மண்ணை அப்பிக்கொண்டு வந்து தாரில் கட்டி கட்டியாகப் போட்டுவிட்டுப் போகும். ஈரக் கரிசல் மேல் காலை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது எப்படி வழுக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தை மாசியில் அதே ரோடு களமாகிவிடும். குதிரைவாலித் தாளையும் உளுந்துச் செடியையும் வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று பரப்பியிருப்பார்கள். மக்காச்சோளம் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு காயும். டயருக்கு அடியில் அந்த மணிகள் கோலிக்குண்டாக உருளும். களம் இல்லாத சம்சாரி வேறு எங்கே போய்க் காயவைப்பார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வளைவில் சீமைக்கருவேலம் மண்டி எதிரில் வருவதை மறைக்கும், அதற்குள்ளிருந்து ஆட்டுக்கிடை ஒன்று ரோட்டில் இறங்கும். ரோட்டோரம் ஒட்டுப்போட்ட இடத்தில் ஜல்லி பெயர்ந்து சிதறிக் கிடக்கும். காலையில் சுத்தமாக இருந்த வளைவு சாயங்காலம் அப்படியே இருக்குமா? இந்த ரோட்டைப் பிறந்ததிலிருந்து ஓட்டுகிறவருக்கும் அது தெரியாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஆட்டைப் பார்த்துப் பிரேக்கில் கை வைக்க ஒரு நொடி எடுத்தால், அதற்குள் வண்டி பதினாறு மீட்டருக்கு மேல் போயிருக்கும். நல்ல காய்ந்த தாரில் அதற்குப் பிறகு நிற்க ஏறத்தாழ பதினெட்டு மீட்டர் வேண்டும். பிடிப்பு பாதியாகக் குறைந்தால் முப்பத்தாறு. பதற்றத்தில் லிவரை இறுக்கும் விரல், தரைக்குத் தக்க அழுத்தத்தை அளந்து பார்க்காது. ஏபிஎஸ் பார்க்கும். சக்கரத்தோடு சுற்றும் பல்வளையத்தை ஒரு சென்சார் எண்ணிக்கொண்டே இருக்கிறது. சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் அழுத்தத்தை விடுவதும் மறுபடி கொடுப்பதுமாக நொடிக்குப் பல தடவை செய்கிறது. 1950களில் விமானச் சக்கரங்களில் புழக்கத்துக்கு வந்த யோசனை இது. 1978இல் மெர்சிடிஸ் காருக்கு மின்னணு வடிவில் வந்தது, 1988இல் பிஎம்டபிள்யூ பைக்குக்கு வந்தது. நம் நாட்டில் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல் பைக்குகளுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் கட்டாயமானது. எல்லாப் புது இருசக்கர வண்டிகளுக்கும் அதைக் கொண்டுவர மத்திய அரசு 2025 ஜூனில் வரைவு அறிவிப்பு வெளியிட்டது. அதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். வெயிலில் டிவிஎஸ் எக்ஸெல்லில் மல்லிப்பூ மூட்டையோ பருத்தித் தாட்டோ ஏற்றிப் போகிறவரின் உயிரும் விலை உயர்ந்த வண்டிக்காரர் உயிரும் ஒன்றுதான்.

சரளையைப் பற்றிப் பையன்கள் சொல்வதில் உள்ள உண்மையை நான் மறைக்கப் போவதில்லை. தளர்ந்த சரளையிலும் மணலிலும் பூட்டிய சக்கரம் தனக்கு முன்னால் மண்ணைக் குவித்து அதில் முட்டி நிற்கும். ஏபிஎஸ் பூட்டவிடாததால் அந்தக் குவியல் சேராது, நிற்கும் தூரம் கூடும். வண்டிப்பாதையில் இறக்கத்தில் வருகிறவருக்கு இது நெஞ்சைப் பதறவைக்கும். இதை உணர்ந்துதான் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் போன்ற வண்டிகளில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைக்கிற வசதி வைத்திருக்கிறார்கள். முன்சக்கரத்துடையது அப்படியே இருக்கும். பின்சக்கரம் பூட்டினால் வண்டி வால் ஆட்டும், பிரேக்கை விட்டால் நேராகிவிடும். முன்சக்கரம் பூட்டினால் விடுவதற்குள் ஆள் தரையில் கிடப்பார்.

இங்கேதான் அந்தப் பையன்கள் ஏமாந்துபோகிறார்கள். நம் ஊரில் ஓடும் 150, 160 சிசி வண்டிகள் பலவற்றில் இருப்பது ஒற்றைச் சேனல் ஏபிஎஸ், அதாவது முன்சக்கரத்துக்கு மட்டும். பின்சக்கரம் எப்போதும்போல் பூட்டிக்கொள்ளும், சரளையில் அவர்கள் கேட்கிற வசதி ஏற்கெனவே அந்த வண்டியில் இருக்கிறது. ஃபியூஸைப் பிடுங்கி அவர்கள் இழப்பது முன்சக்கரக் காவலை மட்டுமே. இதற்குப் பதிலாக அவர்களுக்குக் கிடைப்பது எதுவுமில்லை. இன்ஸ்டாகிராமுக்காகப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற வித்தைக்குக் கிடைக்கும் என்றால், அந்த வித்தையைச் செய்யும் இடம் பள்ளி விடுகிற நேரத்து பஸ் ஸ்டாண்ட் ரோடாக இருக்கக் கூடாது என்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

"முன் பிரேக்கைத் தொடாதடா, தூக்கி அடிச்சிரும்" என்று அப்பாவும் சித்தப்பாவும் சொல்லிக்கொடுத்த ஊர் இது. மண் ரோட்டுக் காலத்தில் அவர்கள் பட்ட பாட்டிலிருந்து வந்த சொல். ஆனால் எடை முன்னால் சாய்வதால் காய்ந்த ரோட்டில் பைக்கை நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அதைத் தொடாமல் ஓட்டுகிறவர் நிற்கும் தூரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கிறார். பயமில்லாமல் முன் பிரேக்கைப் பிடிக்கவைத்ததுதான் இந்தக் கரிசல்காட்டுக்கு ஏபிஎஸ் செய்த பெரிய உபகாரம் என்று நினைக்கிறேன். கார்க்காரர்களுக்கும் இப்படி ஒரு பழைய பாடம் உண்டு. "பம்ப் பண்ணிப் பிடி" என்று லாரி டிரைவர்கள் சொல்லிக்கொடுத்தது. ஏபிஎஸ் உள்ள காரில் அது தப்பு. ஓங்கி மிதித்து, கால் எடுக்காமல், ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். மிதி அதிரும், கரகரவென்று சத்தம் வரும். பழுதோ என்று பயந்து காலை எடுப்பவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அந்த அதிர்வை அவர்கள் வாழ்நாளில் முதல் தடவை உணர்வதே விபத்து நேரத்தில்தான்.

எட்டு போட்டுக் காட்டினால் பைக் ஓட்ட உரிமம் வாங்கிவிடலாம். நாற்பதில் வந்து நேராகப் பிரேக் பிடித்து நிறுத்து என்று கேட்பவர் இல்லை. எட்டு போடுவதைவிட அவசரப் பிரேக் பிடிப்பது முக்கியம் என்று போக்குவரத்துத் துறையிடம் இந்தப் பத்தி வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அது வரும்வரை நீங்களே பழகலாம். ஆள் நடமாட்டமில்லாத காய்ந்த தார்ப் பரப்பு, ஹெல்மெட், துணைக்கு ஒருவர். முப்பதில் ஆரம்பித்து, நேராக வைத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடியுங்கள். லிவர் விரலில் துடிக்கும் வரை அழுத்தத்தைக் கூட்டுங்கள், வண்டி நிற்கும்வரை விடாதீர்கள். அது பழகிய பிறகு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

பழைய வண்டி வாங்கக் கன்சல்டிங் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். ஓடும்போதும் எரிந்துகொண்டே இருந்தால் ஃபியூஸோ சென்சாரோ போயிருக்கிறது. முதலிலேயே எரியவில்லை என்றால் விளக்கையே யாரோ கழற்றியிருக்கலாம், அப்படிப்பட்ட வண்டிக்கு மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டாமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.